நூற்று இருபதாவது வீடு

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் சுப்பராயலுவுக்கு நான்கு ஏக்கர் நிலம், ஒரு ஜோடி எருது, ஒரு பசு, ஒரு மகன், ஒரு மகள். அவர் கவலைப்படுவதும் இதே வரிசையில்தான். மகள் ரத்தினம்மாள் கடைசியில் இருந்ததால் அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனாள். பி.ஏ. முடித்தாள், எம்.ஏ. முடித்தாள். யாராவது நிறுத்துவார்கள் என்று பார்த்தாள், யாரும் நிறுத்தவில்லை. இதற்கு மேலும் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தபோது சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்றார்கள். 1962 ஜூலையில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு.

"எதுல ஆராய்ச்சி பண்ற?" என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள்.

"குடும்பத்துல."

"யாரு குடும்பத்துல?"

"பொதுவா, குடும்பம். புள்ளைங்க எப்படி வளருது, புருஷன் பொண்டாட்டி எப்படி இருக்காங்க, அதெல்லாம்."

இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்களில் முதல் ஆள் தம்பி பெண்டாட்டி லோகநாயகி. "கல்யாணம் பண்ணிக்கிட்டா ஆறு மாசத்துல தெரிஞ்சுபோற சங்கதிக்கு அஞ்சு வருசம் ரயில்ல போய்ட்டு வராங்க எங்க நாத்தனாரு" என்று கிணற்றடியில் சொன்னாள். ரத்தினம்மாளின் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னாள்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சுப்பராயலுவும் அவர் மனைவி கொளஞ்சியம்மாளும் 1948லிருந்து பேசிக்கொள்வதில்லை. கொளஞ்சியம்மாளின் தம்பி கல்யாணத்தில் சுப்பராயலுவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தது. உட்கார வைத்தார்களா, அவராகவே போய் உட்கார்ந்தாரா என்பது இன்றுவரை தீரவில்லை. சொல்ல வேண்டியதைப் பிள்ளைகள் மூலம் சொல்லி அனுப்புவார்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பசுவிடம் சொல்வார்கள். "தண்ணி காஞ்சிடுச்சின்னு சொல்லு" என்பாள் கொளஞ்சியம்மாள். "ஏர அவுத்துட்டு வரேன்னு சொல்லு" என்பார் அவர். பசு இரண்டு பேரையும் பார்த்து அசை போடும். மூன்று பசு மாறிவிட்டது, ஏற்பாடு மாறவில்லை.

தினமும் இந்த வீட்டிலிருந்து கிளம்பித்தான் ரத்தினம்மாள் குடும்பத்தை ஆராயப் போனாள். நெல்லிக்குப்பத்தில் பாசஞ்சர் ஏறினால் திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் என்று நின்று நின்று சிதம்பரம் போய்ச் சேர ஒன்பதரை ஆகும். வழி நெடுகக் குடும்பம் பற்றிய புத்தகங்களைப் படிப்பாள். தன் வீட்டை அவள் ஒருநாளும் இதில் சேர்த்துப் பார்த்ததில்லை. அது வீடு. குடும்பம் என்பது ஆங்கிலத்தில் இருந்தது.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் தில்லைநாயகம், அமெரிக்காவில் சோளம் விளையும் ஏதோ ஒரு மாகாணத்தில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவர். திரும்பும்போது ஒரு கம்பளிக் கோட்டும் எழுபத்திரண்டு கேள்விகளும் கொண்டுவந்தார். கோட்டைச் சிதம்பரத்து வெயிலில் போட முடியவில்லை. கேள்விகளையாவது வீணாக்கக் கூடாது என்று நினைத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்' என்று நான்கு பதில்கள். பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொன்னால் போதும், கூட்டிப் பார்த்து அந்தக் குடும்பத்தில் இணக்கம் எவ்வளவு என்று தராசு முள் மாதிரி காட்டிவிடலாம் என்பது அவர் கட்சி.

'சாப்பாட்டு மேசையில் குழந்தைகளைப் பேச அனுமதிக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி. 'குழந்தை தன் படுக்கையறையைத் தானே ஒழுங்குபடுத்துகிறதா?' என்று இன்னொன்று. ரத்தினம்மாள் தயங்கித் தயங்கி, நம் பக்கத்தில் இதெல்லாம் இல்லையே சார் என்றாள். பேராசிரியர் பேனாவை எடுத்து மேசையை அடித்துவிட்டு 'இலை' என்று போட்டார். படுக்கையறையை அடித்துவிட்டு 'பாய்' என்று போட்டார். 'குழந்தை தன் பாயைத் தானே ஒழுங்குபடுத்துகிறதா?' என்று உரக்கப் படித்துப் பார்த்து, "நமது பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றியாகிவிட்டது" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

'கடலூர்க் கடற்கரை மீனவக் குடும்பங்கள் நூற்று இருபதில் பெற்றோர் இணக்கம்' என்று தலைப்பும் அவரே வைத்தார். மீனவர் எதற்கு என்றால், வேறு யாரும் அதுவரை செய்யவில்லை. பேராசிரியர் சுத்த சைவம், மீன் வாடைக்கே கைக்குட்டையை எடுப்பவர். அதனால்தான் விருப்பு வெறுப்பு இல்லாமல் ஆராய முடியும் என்றும் சொல்லிக்கொண்டார்.

முதல் இரண்டரை வருஷம் புத்தகம் படித்ததில் போயிற்று. அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்பில் கல்லூரியை மூடிவிட்டார்கள், அதில் சில மாதம் போயிற்று. கேள்விகளைத் திருத்தி அச்சடித்து வாங்கியதில் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் 1967 ஜூன் முப்பது. அதற்குள் கொடுத்து, பிறகு பட்டமும் வாங்கிவிட்டால் கடலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அப்புறம் நெல்லிக்குப்பம் வீட்டில் உட்கார்ந்து, லோகநாயகி எப்போது போடுகிறாளோ அப்போது சாப்பிட்டுக்கொண்டு, ஆயுசு முழுக்கக் கிணற்றடிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ரத்தினம்மாள் பயந்த ஒரே விஷயம் இது. அந்தப் பட்டத்தை அவள் அறிவுக்காகக் கேட்கவில்லை. தன் கையால் சோறு போட்டுக்கொள்ளக் கேட்டாள்.

அறுபத்தாறு கடைசியில் ஈச்சங்குப்பத்துக்குப் போனாள். முதுநகர் இறக்கத்தில் படகு ஏறி உப்பனாற்றைக் கடந்து மணலில் கால் புதைய ஒரு மைல் நடந்தால் வரும் மீனவக் கிராமம் அது. முதல் வீடு அஞ்சம்மாளுடையது. ஐம்பது வயது, முதுநகர் மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்பவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். பை மாட்டிக்கொண்டு வருகிற பெண்கள் எல்லாரும் அவளுக்கு டீச்சரம்மாதான். எழுபத்திரண்டு கேள்விகளையும் பொறுமையாகக் கேட்டாள். முடிவில், "இன்னிக்கு எனக்கு வேல கெடக்குது டீச்சரம்மா. கேள்விய எல்லாம் கேட்டுக்கிட்டேன். வர்ற வாரம் வா, பதிலு சொல்றேன்" என்று அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் போனபோது அஞ்சம்மாள் தடதடவென்று பதில் சொன்னாள். அடுத்த வீட்டில் ராணியம்மாளும் தடதடவென்று சொன்னாள். அதற்கு அடுத்த வீட்டிலும் அப்படியே. யாரும் யோசிக்கவில்லை, யாரும் 'அப்படின்னா இன்னா?' என்று திருப்பிக் கேட்கவில்லை. மக்கள் தன்னிடம் மனம் திறக்கிறார்கள் என்று ரத்தினம்மாள் பூரித்துப் போனாள். முப்பதாவது வீட்டுக்குப் பிறகு அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அவள் பென்சில் சரியான இடத்தில் டிக் போட்டது. இதை அவள் அனுபவ முதிர்ச்சி என்று நினைத்தாள். எம்.ஏ. படித்தவள்தான், இருந்தும் அப்படித்தான் நினைத்தாள்.

நான்கு மாதத்தில் நூற்று இருபது வீடும் முடிந்தது. ஏப்ரலில் துறை அறையில் உட்கார்ந்து எண்களைக் கூட்ட ஆரம்பித்தாள். துறைக்குப் புதிதாக ஒரு கணக்கு யந்திரம் வந்திருந்தது. மின்சாரத்தில் ஓடுவது, பூசை போட்டு வைத்தது. முதல் வீட்டுக்கு நூற்றெண்பத்தாறு மதிப்பெண். இரண்டாவது வீட்டுக்கும் நூற்றெண்பத்தாறு. நாற்பதாவது வீட்டுக்கு நூற்றெண்பத்தாறு என்று வந்தபோது மீதித் தாள்களைப் பரபரவென்று புரட்டினாள். நூற்று இருபது வீட்டிலும் ஒரே பதில். எல்லா அப்பாவும் அம்மாவும் கலந்து பேசி முடிவெடுக்கிறார்கள். எல்லாப் பிள்ளையும் தன் பாயைத் தானே ஒழுங்குபடுத்துகிறது. ஒருவர்கூடப் பிள்ளையை அடிப்பதில்லை.

வீட்டுக்கு வீடு வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து அதனால் வகுப்பதுதான் பேராசிரியர் சொல்லிக்கொடுத்த கணக்கு. வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னதும் யந்திரம் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. அறை முழுக்க அதிர்ந்தது. அடுத்த அறையிலிருந்து பேராசிரியர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். தாளைப் பார்த்த அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மிஸ் ரத்தினம்மாள், இது குடும்பமா, மிலிட்டரியா?" என்றார்.

மறுநாளே அவள் ஈச்சங்குப்பம் போனாள். அஞ்சம்மாள் அரிவாள்மணையில் காலை வைத்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, எல்லா வீட்டுலயும் ஒரே பதில சொல்லியிருக்கீங்களே?"

"பின்ன? ஆளுக்கு ஒண்ணு சொன்னா ஊரு இன்னாத்துக்கு இருக்குது?" என்று அஞ்சம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள். "வெளியாளு வந்து கேட்டா ஊரு கூடிப் பேசி, ஒரே பேச்சா முடிவு பண்ணிதான் சொல்றது. மலேரியாக்காரன் வந்தப்ப அப்படித்தான். தலக்கணக்கு எடுக்க வந்தப்ப அப்படித்தான். ஒருவாட்டி நைலான் நூலு தரோம், வீட்டுக்கு எத்தன வலன்னு கேட்டுக்கிட்டு வந்தாங்க. ஒருத்தன் ரெண்டு வலன்னான், ஒருத்தன் நாலுன்னான். கடைசில ஊருக்கே நூலு வரல. அதுலேர்ந்து நாட்டாரு கண்டிசனு. நீ கேட்டுட்டுப் போனியே, அந்த எழுவத்திரண்டு கேள்வியையும் நான்தான் கூட்டத்துல ஒண்ணு விடாம ஒப்பிச்சேன்."

நாட்டார் என்பது ஊர்த் தலைவர் பச்சமுத்து. கோயில் முன்னால் மூன்று நாள் கூட்டம் போட்டிருக்கிறார்கள். மூன்று நாளும் யாரும் கடலுக்குப் போகவில்லை. பேராசிரியர் தில்லைநாயகத்தின் கேள்விகளுக்கு உலகத்தில் எங்கேயும் இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

"மூணு நாளு இன்னா பேசுனீங்க?" என்று ரத்தினம்மாள் கேட்டாள்.

அஞ்சம்மாள் மீனைக் கழுவி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். எத்தனை கூடை யாருக்கு எப்போது போட்டாள் என்று எழுதாமலே வருஷக்கணக்கில் மனசில் வைத்திருக்கிறவள், அந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், யார் எழுந்தார்கள், யார் துண்டை உதறிக்கொண்டு போனார்கள் என்று அப்படியே சொன்னாள். மகள் கல்யாணத்தை யார் முடிவு செய்வது என்ற கேள்வியில் ஆண்கள் எல்லாரும் அப்பாதான் என்றார்களாம். ராணியம்மாள் எழுந்து, "எம் பொண்ணுக்கு மாப்ள பாத்தது நானு, பரிசம் போட்டது நானு. இவரு கடல்லேர்ந்து வந்து எல போட்டாச்சான்னு கேட்டாரு" என்றாளாம். ஊர் சிரித்தது. அவள் புருஷன் நடனசபாபதிக்கு ரோஷம் வந்து அன்று முதல் அக்கா வீட்டில் சாப்பிடுகிறார். அதற்கு ஒருநாள் முழுக்கச் சண்டை நடந்து, 'இருவரும் கலந்து' என்று முடிவாயிற்று.

ஐம்பத்தெட்டாவது கேள்வி பிள்ளையை அடிப்பது பற்றி. அடிக்காமல் வளர்ந்த பிள்ளை உண்டா என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது பஞ்சநாதன் எழுந்து நின்றாராம். தெற்குக் கோடியில் கடைசி வீடு, நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயே திறக்காதவர். வலையை ஒழுங்காக மடிக்கவில்லை என்று ஒருநாள் காலையில் மகனைக் கன்னத்தில் அறைந்தார். அவன் கஞ்சி குடிக்காமலே கட்டுமரம் ஏறிப் போனான். அவன் திரும்பி வரவில்லை. "நான் அடிச்சேன்னே எழுதச் சொல்லுங்க" என்று பஞ்சநாதன் கூட்டத்தில் சொன்னாராம்.

"நாட்டாருதான் எழுந்து போயி அவரு தோளப் புடிச்சு ஒக்கார வச்சாரு டீச்சரம்மா. அப்பறம் சொன்னாரு, இந்த ஊருல ஒருத்தரும் புள்ளய அடிக்கறது இல்ல, அவ்ளோதான், அடுத்த கேள்விய சொல்லு அஞ்சம்மான்னாரு."

ரத்தினம்மாள் மூன்று நாள் வந்து வந்து கேட்டு, மூன்று நோட்டு நிறைய எழுதினாள். எழுதும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஐந்து வருஷமாகத் தேடியது இதுதான் என்று. ரயிலில் போகும்போது நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு தானாகச் சிரித்தாள். சந்தோஷமாக இருந்தாள்.

பேராசிரியர் நான்கு பக்கம் புரட்டினார். "இது வம்பு" என்றார். "வம்புக்கு டாக்டர் பட்டம் கொடுப்பதென்றால் மேல வீதியில் முக்கால்வாசிப் பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். எண் எங்கே?"

"எண்ணெல்லாம் ஊர் கூடி முடிவு செய்தது சார்."

"அதனால்தான் அது செல்லாது. மனிதர்கள் பரவித்தான் இருப்பார்கள். இந்தக் கோடியில் கொஞ்சம் பேர், அந்தக் கோடியில் கொஞ்சம் பேர், நடுவில் நிறையப் பேர். இதுதான் இயற்கை." ஒரு தாளில் மணி கவிழ்த்த மாதிரி ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். "மறுபடியும் போங்கள். பரவலோடு வாருங்கள். இல்லாவிட்டால் ஜூனில் என்னால் கையெழுத்துப் போட முடியாது."

மே மாத வெயிலில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் உப்பனாற்றைக் கடந்தாள். ஆளாளுக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்று பச்சமுத்துவிடம் கெஞ்சினாள். அவர் கோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"தோணியக் கவுத்துப் போட்டாப்பல இருக்குது. இப்படி வந்தா பாஸ் பண்ணிடுவாங்களா?"

"ஆமாங்க. ஆனா..."

"இத மொதல்லயே சொல்றதுதானே! ஒரே பேச்சு கேக்கறாங்கன்னுல்ல நாங்க நெனச்சிக்கிட்டோம். கொஞ்சம் பேரு இந்தப் பக்கம், கொஞ்சம் பேரு அந்தப் பக்கம், பாக்கி நடுவுல. அவ்ளோதான? ஊரு கூடுனா ஒரு பொழுது வேல."

வேண்டாம் என்று சொல்ல ரத்தினம்மாள் வாயெடுத்தாள். ஜூன் முப்பது ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டாள்.

பெரிய வலையை இன்றைக்கு யார் போடுவது, நாளைக்கு யார் போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் ஈச்சங்குப்பத்தில் தீர்ப்பார்கள். பதில்களையும் அப்படியே குலுக்கினார்கள். பீடிக்கட்டுக் காகிதத்தைக் கிழித்து, ஒரு கோடு போட்டது ஒருபோதும் இல்லை, நான்கு கோடு போட்டது எப்போதும் என்று குறித்து, பானையில் போட்டு, கேள்விக்கு ஒரு சீட்டாக வீட்டுக்கு வீடு எடுக்கச் சொன்னார்கள். அவ்வளவும் நியாயமாக நடந்தது. நடனசபாபதி இன்னும் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ராணியம்மாள் வீட்டுக்குத்தான் எல்லாக் கேள்விக்கும் இணக்கமான சீட்டு விழுந்தது. ராணியம்மாள் 'தினமும் மனம் விட்டுப் பேசுறோம், எப்பவும்' என்று ரத்தினம்மாளிடம் சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

நூற்றுப் பத்தொன்பது வீடு முடிந்து கடைசியாகப் பஞ்சநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் சீட்டுகளை வரிசையாகத் தரையில் அடுக்கி வைத்திருந்தார். ஐம்பத்தெட்டாவது கேள்வி வரை நன்றாகத்தான் போயிற்று.

"புள்ளய அடிப்பீங்களா?" என்று தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

பஞ்சநாதன் அந்தச் சீட்டை எடுத்து அவளிடம் காட்டினார். மூன்று கோடு. "அடிக்கடின்னு விழுந்திருக்குதும்மா. எழுதிக்க."

கூட வந்திருந்த அஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "எஞ்சீட்ட எடுத்துக்க அண்ணே, என்னுது ஒண்ணுதான்" என்றாள்.

"விழுந்த சீட்ட மாத்தக் கூடாது. எழுதிக்கம்மா" என்றார் அவர். குரலில் ஒன்றும் இல்லை. கண் மட்டும் கடல் பக்கம் போயிற்று.

ரத்தினம்மாளால் எழுத முடியவில்லை. பென்சிலைப் பையில் போட்டாள். அந்த ஃபாரத்தை நான்காகக் கிழித்தாள். "உங்க வீடு வேணாங்க. நூத்திப் பத்தொம்போது போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மணலில் விறுவிறுவென்று நடந்தாள். ஐந்து வருஷத்தில் அவள் செய்த உருப்படியான காரியம் அந்தக் காகிதத்தைக் கிழித்ததுதான்.

ஆனால் நூற்றுப் பத்தொன்பது போதவில்லை. தலைப்பில் நூற்று இருபது என்று இருக்கிறது, தலைப்பை மாற்ற வேண்டுமானால் குழு கூட வேண்டும், குழு ஆகஸ்டில்தான் கூடும் என்றார் பேராசிரியர். இன்னும் ஒரு வீடு வேண்டும், நான்கு நாளில் வேண்டும்.

ஈச்சங்குப்பத்தில் மொத்தமே நூற்று இருபது வீடுதான், அதனால் ரத்தினம்மாள் தொழில் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டுத் தன் வீட்டையே எழுதினாள். மாட்டுக் கொட்டகை ஓரம் உட்கார்ந்து அப்பாவைத் தனியாகவும் அம்மாவைத் தனியாகவும் கேட்டாள். தினமும் மனம் விட்டுப் பேசுகிறீர்களா? ஒருபோதும் இல்லை. முக்கிய முடிவுகளைக் கலந்து எடுக்கிறீர்களா? ஒருபோதும் இல்லை. துணையின் தேவையை அறிந்து நடக்கிறீர்களா?

"எப்பவும்" என்றார் சுப்பராயலு, இதென்ன கேள்வி என்பது போல. அப்போதுதான் அவள் கவனித்தாள். கொட்டகைச் சுவர் மாடத்தில் ஒரு கவுளி வெற்றிலை இருந்தது. சனிக்கிழமைச் சந்தைக்குப் போனால் அவர் வாங்கிவந்து அங்கே வைப்பார். கொளஞ்சியம்மாள் சாணி அள்ள வரும்போது எடுத்துக்கொள்வாள். ரத்தினம்மாள் சிறுபிள்ளையாக இருந்தது முதல் அந்த மாடத்தில் வெற்றிலை இருக்கிறது. கடைசிக் கேள்வி, உங்கள் வீட்டில் அமைதி நிலவுகிறதா? அப்பா எப்போதும் என்றார். அம்மாவும் எப்போதும் என்றாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பேச்சே இல்லாத வீட்டில் சண்டை எங்கிருந்து வரும்?

ஜூன் இருபத்தெட்டாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தாள். மூன்று நோட்டும் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

அடுத்த பிப்ரவரியில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் பெரிய அறிவாளி. ஆய்வேட்டைத் தட்டிக்கொடுத்தார். "இந்தப் பரவல் இருக்கிறதே, பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு அழகாக வராது" என்றார். பேராசிரியர் தில்லைநாயகம் அடக்கமாகத் தலை குனிந்தார், குனிந்தபடியே சிரித்தார். 'மிகவும் இணக்கமான குடும்பம்' என்று ராணியம்மாள் வீட்டுக்கு ஒரு தனி அத்தியாயமே இருந்தது. அது தன்னை உருக்கிவிட்டது என்றார் பரீட்சகர்.

"ஒரே ஒரு குறை" என்று பிற்சேர்க்கையைப் புரட்டினார். "இந்த நூற்று இருபதாவது வீடு. பேசிக்கொள்வதே இல்லையாம், கலந்து முடிவெடுப்பதே இல்லையாம். ஆனால் தேவையறிந்து நடப்பது எப்போதும், அமைதி எப்போதும். இப்படி ஒரு குடும்பம் இருக்க முடியாது. களப்பணிக்குப் போன ஆள் எங்கேயோ மரத்தடியில் உட்கார்ந்து இட்டுக்கட்டி நிரப்பியிருக்கிறான். யார் போனது?"

"நான்தான் சார்."

பேராசிரியர் அவளை முறைத்தார். மற்ற நூற்றுப் பத்தொன்பதும்தான் இட்டுக்கட்டியது, நிஜம் இது ஒன்றுதான் என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் இருந்தது. அந்த நிமிஷத்தில் அவளுக்குக் கிணற்றடியும் லோகநாயகியும்தான் தெரிந்தார்கள்.

"தப்பு நடந்திருக்கலாம் சார்" என்றாள்.

"பரவாயில்லை. ஒன்றுதானே. அடித்துவிடுங்கள். நூற்றுப் பத்தொன்பதே தாராளம். தலைப்பு அப்படியே இருக்கட்டும், ஓர் அடிக்குறிப்புப் போட்டால் போதும்" என்று சொல்லிப் பரீட்சகர் தன் சிவப்புப் பென்சிலையே நீட்டினார்.

ரத்தினம்மாள் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டாள். அப்பாவும் அம்மாவும் வெற்றிலை மாடமும் அந்தக் கோட்டுக்கு அடியில் போயிற்று. அதற்குள் எல்லாரும் எழுந்து கைகுலுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பாசஞ்சரில் நெல்லிக்குப்பம் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. லோகநாயகி வாசலில் நின்று முதன்முறையாக "வாங்கண்ணி" என்றாள். சுப்பராயலு கொட்டகையில் பசுவுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். மகளைப் பார்த்தார், அப்புறம் பசுவைப் பார்த்தார்.

"டாக்டரம்மா வந்துட்டாங்கன்னு சொல்லு. எல போடச் சொல்லு."

உள்ளேயிருந்து கொளஞ்சியம்மாளின் குரல் வந்தது. "எல போட்டு அர மணி நேரமாவுதுன்னு சொல்லு. அவரும் கைய கழுவிக்கிட்டு வரட்டும், இன்னிக்கு ஒரு நாளாவது பொண்ணுகூட ஒக்காந்து சாப்பிடட்டும்னு சொல்லு."

ரத்தினம்மாள் காலைக் கழுவிக்கொண்டு, பெரிய அறிவாளி ஒருவர் இருக்கவே முடியாது என்று சொல்லி அடிக்கச் சொன்ன அந்த வீட்டுக்குள் போய், தான் கோடு போட்ட இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பிட உட்கார்ந்தாள்.